பழைய வீல் ஹார்ஸ் டிராக்டரின் கியர்பாக்ஸைப் பிரித்துச் சேர்ப்பது எப்படி?

அமெரிக்காவில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியவர்கள் சிறிய தோட்ட டிராக்டர் ஒன்றைத் தேடத் தொடங்கும்போது, பழைய வீல் ஹார்ஸ் வண்டி எப்படியும் கண்ணில் படும். சிவப்பு வண்ணம் வெளிறி, யாருடைய கொட்டகையிலாவது தூங்கிக்கொண்டிருக்கும். எஞ்சின் ஓடும், கியர் மட்டும் விழாது. அல்லது கியர் விழும், ஆனால் வண்டியின் அடியில் எண்ணெய் குளமாக நிற்கும். விற்பவர் "கியர்பாக்ஸ் போய்விட்டது" என்று சொல்லி விலையைப் பாதியாகக் குறைப்பார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியல்ல. இந்த கியர்பாக்ஸில் பற்சக்கரங்கள் லேசில் சாவதில்லை. அதைக் கெடுப்பவை இரண்டு: உள்ளே புகும் தண்ணீர், வெளியே விழும் சுத்தியல் அடி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

வீல் ஹார்ஸின் கதை 1946-இல் இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் தொடங்கியது. எல்மர் பாண்ட் சிறிய அளவில் ஆரம்பித்ததை மகன் செசில் பாண்ட் பெரிய தொழிலாக வளர்த்தார். 1974-இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் அதை வாங்கியது. 1986-இல் அது டோரோ என்ற புல்வெட்டி நிறுவனத்தின் கைக்குப் போனது. கைகள் மாறினாலும் இந்த கியர்பாக்ஸின் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. அதனால்தான் உதிரி பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொள்வது 'எட்டு வேக' யூனி-டிரைவ் கியர்பாக்ஸ். 12 குதிரைத்திறன் கோலர் எஞ்சின் பூட்டிய சி-120 போன்ற வண்டிகளில் இருப்பது இதுதான். முன்னால் போக மூன்று கியர், பின்னால் வர ஒன்று. தனியாக ஒரு லீவர் இவை நான்கையும் உயர் வேகம், தாழ் வேகம் என இரட்டிப்பாக்கும். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் (திருப்பத்தில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் அமைப்பு), பின் ஆக்சில் மூன்றும் ஒரே வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் அடக்கம்.

புதியவர் முதலில் திறக்கும் கியர்பாக்ஸ் இதுவாக இருக்கட்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வண்டியில் எஞ்சினின் கிராங்க்ஷாஃப்ட் குறுக்குவாட்டில் இருக்கிறது. அங்கிருந்து பெல்ட் வழியாக வரும் சக்தி, பின் ஆக்சிலுக்கு இணையாக அடுக்கப்பட்ட ஷாஃப்டுகளின் ஊடாகவே சக்கரத்தை அடைகிறது. எங்கும் தொண்ணூறு டிகிரி திரும்புவதில்லை. ஆகவே சக்தியைத் திருப்பிவிடும் கிரவுன் பினியன் சக்கரங்கள் கிடையாது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு எனக் கணக்குப் பார்த்து ஷிம் என்னும் மெல்லிய தகடு வைக்கும் தலைவலியும் இல்லை. எல்லாமே நேர்ப்பல் சக்கரங்கள். பிரித்த வரிசையைத் திருப்பினால் சேர்க்கலாம்.

பிரிப்பதற்கு முன்

முதலில், பிரிக்க வேண்டுமா என்று பாருங்கள்.

கியர் லீவர் அசையாமல் இறுகி நின்று, கிளட்சை விட்டால் எஞ்சின் நின்றுவிடுகிறதா? ஒரே நேரத்தில் இரண்டு கியர்கள் விழுந்திருக்கக்கூடும். லீவரின் அடிமுனை தேய்ந்திருந்தால் இப்படி ஆகும். லீவர் நுழையும் கழுத்தின் பக்கத்தில் ஒரு செட் ஸ்க்ரூ (பிடித்து நிறுத்தும் திருகு) இருக்கும். அதைத் தளர்த்தினால் லீவர் கையோடு மேலே வந்துவிடும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ரெயில்கள் (கியர்களை நகர்த்தும் தண்டுகள்), ஒவ்வொன்றிலும் லீவர் முனை உட்காரும் ஒரு வெட்டு. இரண்டு வெட்டுகளும் நேர்கோட்டில் இல்லையென்றால் விஷயம் புரிந்துவிட்டது. நீளமான ஸ்க்ரூ டிரைவரால் விலகி நிற்பதை மெல்லத் தள்ளி நேராக்கினால் நியூட்ரலுக்கு வந்துவிடும். லீவரின் முனையில் வெல்டு வைத்து அரத்தால் பழைய அளவுக்கு ராவிக்கொண்டால் போதும். 'போய்விட்டது' என்று விற்கப்படும் வண்டிகளில் சிலவற்றுக்கு இதுவே முழு வைத்தியம்.

அடுத்து எண்ணெய். அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றிக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். கறுப்பாக வந்தால் வயசான எண்ணெய், அவ்வளவே. பால் விட்ட காபி போல வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கியர் லீவரின் ரப்பர் உறை வெடித்து, மழையில் நின்ற வண்டிகளில் இது சர்வசாதாரணம். வட மாநிலக் குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்துவிட்டால் கியரே நகராது; வெயில் வந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் நகரும். தண்ணீர் கலந்த எண்ணெய் வந்தாலே திறந்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி ஓட்டுபவர்களும் உண்டு. ஆனால் உள்ளே துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்பது கழுவினால் தெரியாது.

வடிந்த எண்ணெயில் காந்தத்தை விட்டுத் துழாவுங்கள். மை போன்ற நுண்துகள் ஒட்டினால் கவலையில்லை. ஊசி போன்ற சிறு உருளைகளோ பல்லின் துண்டோ ஒட்டினால் கட்டாயம் திறக்க வேண்டும்.

கடைசியாக, ஜாக்கியில் பின்பக்கத்தைத் தூக்கி, ஆக்சில் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். தாராளமாக ஆடினால் பேரிங் போயிருக்கிறது. உள்ளும் வெளியுமாகக் கணிசமாக நகர்ந்தால் டிஃபரன்ஷியல் பக்கம் சந்தேகம் போகட்டும்.

கையில் இருக்க வேண்டியவை

வண்டி முழுக்க அங்குல அளவு போல்ட்டுகள்தான். மில்லிமீட்டர் ஸ்பேனர் செட் உதவாது. அங்குல சாக்கெட், ஆலன் கீ, சர்கிளிப் (ஷாஃப்டின் பள்ளத்தில் உட்காரும் பிடி வளையம்) கழற்றும் பிளையர், மரச் சுத்தியல் அல்லது ரப்பர் சுத்தியல், நுண்ணிய அரம், பிளாஸ்டிக் சுரண்டி, துரு இளக்கும் எண்ணெய், பின்பக்கத்தைத் தாங்க இரண்டு உறுதியான ஸ்டாண்டுகள். இவை போக அவசியமானது ஹப் புல்லர், அதாவது சக்கரம் பூட்டும் ஹப்பை ஆக்சிலிலிருந்து இழுத்தெடுக்கும் கருவி. அதைப் பற்றித் தனியே சொல்கிறேன்.

வண்டியின் மாடல் எண்ணைத் தகட்டிலிருந்து குறித்துக்கொண்டு டோரோவின் இணையதளத்தில் தேடினால் பாகப் பட்டியலும் விரித்து வரைந்த படமும் கிடைக்கும். அந்தப் படத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். சீல்களையும் கேஸ்கெட்டையும் வேலையைத் தொடங்கும் முன்பே வாங்கி வைக்கலாம். பேரிங்குகளைத் திறந்து பார்த்த பிறகு வாங்குங்கள்.

ஹப்: பொறுமை தேவைப்படும் இடம்

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். சீட், பின் மட்கார்டு, பெல்ட் மூடி, பெல்ட், கிளட்ச், பிரேக் இணைப்புகள் என்று வரிசையாக எடுங்கள். ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் கைபேசியில் ஒரு படம். பிரேக் பட்டையைக் கழற்றும்போது காற்றடித்துத் தூசியை ஊத வேண்டாம். அந்தக் காலத்து பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

சக்கரங்களை எடுத்த பின் ஆக்சில் முனையில் வார்ப்பிரும்பு ஹப் நிற்கும். உள்ளே அரைவட்டக் கீ ஒன்று, வெளியே சதுரத் தலை செட் ஸ்க்ரூ ஒன்று. ஐம்பது ஆண்டுத் துரு இவற்றை ஒரே இரும்பாக்கி வைத்திருக்கும். புதியவர்கள் சுத்தியலைத் தேடுவது இங்கேதான். வண்டி சாவதும் இங்கேதான். ஆக்சிலின் முனையில் விழும் அடி அங்கேயே நின்றுவிடாது. நேரே உள்ளே போய் டிஃபரன்ஷியலில் இறங்கும். அங்கே ஆக்சிலைப் பிடித்திருப்பது ஒரு மெல்லிய சர்கிளிப். ஹப்பின் விளிம்பைப் பின்னாலிருந்து அடித்தாலோ, மூன்று கால் புல்லரால் விளிம்பைக் கவ்வி இழுத்தாலோ வார்ப்பிரும்பு விண்டுவிடும்.

சரியான வழி இது. செட் ஸ்க்ரூவை எடுத்துவிட்டு அந்தத் துளையிலும் ஆக்சில் முனையிலும் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றுங்கள். ஓரிரு நாள் ஊறட்டும். இடையிடையே மறுபடி ஊற்றுங்கள். ஆக்சிலின் வெளியே தெரியும் பகுதியை எமரி தாளால் பளபளவென்று தேயுங்கள், ஏனென்றால் ஹப் அதன் மேல் ஏறித்தான் வெளியே வர வேண்டும். பிறகு தடித்த தகட்டுப் புல்லரைச் சக்கர போல்ட் துளைகள் எல்லாவற்றிலும் பிடித்து, நடுத் திருகை இறுக்குங்கள். 'டக்' என்று விடவில்லையா? இழுவிசையோடு அப்படியே விட்டுவிட்டு மறுநாள் வாருங்கள். புரொப்பேன் டார்ச்சால் ஹப்பின் கழுத்தைச் சுற்றிலும் சூடாக்கலாம். சீல் கருகும், எப்படியும் மாற்றப் போவதுதான். எண்ணெய் ஊற்றிய கையோடு நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள், முதலில் நன்றாகத் துடையுங்கள். பெரும்பாலும் நீங்கள் வேறு வேலையில் இருக்கும்போது ஹப் தானாகவே விடும்.

பெல்ட் புல்லி, பிரேக் டிரம் ஆகியவற்றுக்கும் இதே மரியாதைதான். அதன் பிறகு சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை எடுத்து முழு அமைப்பையும் பின்னால் உருட்டி எடுங்கள். கனமான வார்ப்பிரும்பு; தூக்க இன்னொருவர் வேண்டும்.

கூட்டைத் திறப்பது

எண்ணெய் முழுவதும் வடிந்ததும் வெளிப்புறத்தை நன்றாகக் கழுவுங்கள். வெளியே இருக்கும் மண்தான் திறந்த நொடியில் உள்ளே விழும்.

அடுத்தது பலர் தவறவிடும் ஒரு சிறு வேலை. ஆக்சில்களிலும் பெல்ட் புல்லி பூட்டும் உள்ளீட்டு ஷாஃப்டிலும் செட் ஸ்க்ரூ அழுத்திய இடத்தில் உலோகம் பிதுங்கி ஒரு சின்ன முகடாக நிற்கும். விரலை ஓட்டிப் பார்த்தால் நகத்தில் தட்டும். கீ உட்காரும் பள்ளத்தின் ஓரங்களும் அப்படித்தான். அரத்தால் அவற்றை ராவிச் சமமாக்குங்கள். இல்லையென்றால் கூட்டின் பாதியை உருவும்போது அந்த முகடு பேரிங்கின் உட்புறத்தைக் கீறிக்கொண்டே வரும்.

கூட்டை ஓர் ஆக்சில் கீழ்நோக்கித் தொங்கும்படி நிறுத்த வேண்டும். நடுவில் துளையிட்ட தடித்த பலகையை இரண்டு மரக்குதிரைகளின் மேல் வைத்தால் அருமையான மேசை. அட்டை ஒன்றில் கூட்டின் வடிவத்தை வரைந்து, எடுக்கும் ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வையுங்கள். நீளம் மாறிப்போகும் சிக்கல் வராது. எல்லா போல்ட்டுகளும் வந்தனவா என்று இன்னொரு முறை பாருங்கள். பிறகு ஆக்சில் குழாயின் தடித்த பகுதியில் மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினால் மேல் பாதி விலகும். இடைவெளியில் உளியையோ ஸ்க்ரூ டிரைவரையோ செருகி நெம்பாதீர்கள். கேஸ்கெட் முகத்தில் விழும் ஒரு வெட்டு, பிறகு ஆயுள் முழுக்க ஒழுகும்.

மேல் பாதியைத் தூக்கியதும் கையை உள்ளே விடாமல் முதலில் படம் எடுங்கள், மேலிருந்தும் நான்கு பக்கங்களிலிருந்தும். வாஷர் ஏதாவது மேல் பாதியோடு ஒட்டி வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணெய்ப் பசையில் மெல்லிய வாஷர்கள் ஒட்டிக்கொண்டு போய், கழுவும் தொட்டியில் காணாமல் போவதுண்டு.

ஷாஃப்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதனதன் சக்கரங்களும் வாஷர்களும் அதே வரிசையில் இருக்கும்படி கம்பியில் கோத்துக் கட்டி வையுங்கள். ஷிஃப்ட் ரெயில்களை எடுக்கும்போது மட்டும் கவனம். அவற்றைப் பள்ளத்தில் நிறுத்தி வைக்க ஸ்பிரிங்கும் சிறு எஃகுக் குண்டுகளும் உள்ளே அழுத்தப்பட்டிருக்கின்றன. ரெயில் விலகிய கணம் குண்டு பறக்கும். மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு உருவுங்கள்.

எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெள்ளைத் துணியில் பரப்பிய பிறகு, பார்ப்பதற்கு அவ்வளவு பயமாக இருக்காது.

பற்சக்கரங்கள்: பல்லின் பக்கவாட்டு முனை, அதாவது கியர் மாற்றும்போது ஒன்றோடொன்று மோதும் ஓரம், கொஞ்சம் மழுங்கியிருக்கும். ஓடும் வண்டியில் கியர் மாற்றியவர்களின் கைவேலை அது. இந்தப் பெட்டியில் சக்கரங்களின் வேகத்தை ஒத்திசைக்கும் சிங்க்ரோ கிடையாது. வண்டியை நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். அந்த மழுங்கலோடு சக்கரம் இன்னும் பல்லாண்டு ஓடும். பல்லின் முகத்தில் செதில் பெயர்ந்திருந்தாலோ, பல்லே உடைந்திருந்தாலோ மட்டும் மாற்றுங்கள். புதிய சக்கரம் தேடி அலைவதைவிட, எஞ்சின் செத்த இன்னொரு வீல் ஹார்ஸை மொத்தமாக வாங்கிவிடுவது பெரும்பாலும் மலிவு.

உண்மையான கேள்வி பேரிங்குகளில்தான் இருக்கிறது. உள்ளே பல இடங்களில் இருப்பவை ஊசி பேரிங்குகள். இவற்றுக்கு உள்வளையம் கிடையாது. ஊசிகள் நேரடியாக ஷாஃப்டின் மேலேயே உருளுகின்றன. எனவே பேரிங்கைப் பார்க்கும் முன் ஷாஃப்டைப் பாருங்கள். ஊசிகள் ஓடிய பட்டை கண்ணாடிபோல் இருந்தால் நல்லது. தண்ணீர் தேங்கி நின்ற பெட்டியில் அங்கே கறுப்புப் புள்ளிகள் இருக்கும். நகத்தை ஓட்டுங்கள், தட்டாவிட்டால் கறை, தட்டினால் குழி. குழி விழுந்த ஷாஃப்டில் புதிய பேரிங் போடுவது வீண் செலவு. அந்தக் குழி புதிய ஊசிகளையும் அரைத்துவிடும். அங்கே ஷாஃப்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ஊசி பேரிங்கை அழுத்தி ஏற்றும்போது எண்கள் பொறித்த பக்கம் உங்களைப் பார்க்கட்டும். அந்த விளிம்புதான் தடித்தது; அழுத்தத்தைத் தாங்கும். மறுபக்கத்தை அழுத்தினால் மெல்லிய கூடு மடிந்து ஊசிகள் இறுகிப் போகும். பொருத்தமான அளவில் ஒரு சாக்கெட்டையோ இரும்புக் கட்டையையோ வைத்து நேராக அழுத்துங்கள். பழையது எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நிறுத்துங்கள். எடுக்கும் முன்பே அந்த ஆழத்தை அளந்து எழுதிவைத்திருக்க வேண்டும்.

ஆயில் சீல்கள் எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். ஆக்சில் இரண்டு, உள்ளீட்டு ஷாஃப்ட், பிரேக் ஷாஃப்ட். விலை குறைவு, இன்னொரு முறை ஹப்பைக் கழற்றும் வேதனையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

சக்கரங்களை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க்குகளின் விரல்கள் ஒரு பக்கமாக மெலிந்திருந்தால் கியர் தானாகவே கழன்று விழும். ஃபோர்க்கை ரெயிலோடு பிடிக்கும் திருகு தளர்ந்திருந்தாலும் இதே நோய்தான். ரெயில் ஸ்பிரிங்குகளைப் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

டிஃபரன்ஷியலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆக்சில்கள் ஆட்டமின்றி, தடையில்லாமல் எதிரெதிராகச் சுழன்றால் அதைத் தொடாதீர்கள். பினியன்கள் ஜோடி ஜோடியாகக் கோத்த, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் வகை உங்கள் வண்டியில் இருந்தால், அதன் அலுமினிய மூடிகளில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் நன்றாகப் பாருங்கள். அந்த வகையின் பலவீனம் அதுதான். திறந்தே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு பினியனும் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, ஒவ்வொரு போல்ட்டின் தலையும் எந்தப் பக்கம் இருக்கிறது என்று குறித்துக்கொண்ட பிறகே கை வையுங்கள்.

திரும்பச் சேர்ப்பது

கேஸ்கெட் முகங்களை பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் கியர் எண்ணெய் தடவி, படத்தின் வரிசைப்படி கீழ்ப் பாதியில் அடுக்குங்கள். குண்டுகளை கிரீஸில் புதைத்து வைத்தால் பறக்காமல் இருக்கும். ரெயில்கள் இரண்டும் நியூட்ரலில் இருக்கட்டும்.

முதல் முறை சீலன்ட் இல்லாமல் மூடுங்கள். கேஸ்கெட்டை மட்டும் வைத்து நாலைந்து போல்ட்டுகளை மிதமாக இறுக்கி, உள்ளீட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். நியூட்ரலில் ஆக்சில் திரும்பக் கூடாது. லீவரைப் பொருத்தி ஒன்று, இரண்டு, மூன்று, ரிவர்ஸ் என்று போட்டு, உயர் வேகத்திலும் தாழ் வேகத்திலும் தனித்தனியே பாருங்கள். எங்காவது இறுகினால் ஒரு வாஷர் இடம் மாறியிருக்கிறது, அல்லது கீழ்ப் பாதியில் ஏதோ ஒரு ஷாஃப்ட் முழுதாக இறங்கவில்லை. மேசை மேல் இருக்கும்போதே தெரிந்தால் பத்து நிமிட வேலை.

கேஸ்கெட் எதற்கு, சிலிக்கான் பூசினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஷாஃப்டுகளின் பக்கவாட்டு இடைவெளியில் கேஸ்கெட்டின் தடிமனும் அடக்கம். அதை எடுத்துவிட்டால் கூடு நெருங்கி ஷாஃப்டுகள் இறுகக்கூடும். கேஸ்கெட்டின் மேல் மிக மெல்லிய பூச்சு பூசலாம். தடிமனாகப் பூசினால் உள்ளே பிதுங்கியது உதிர்ந்து எண்ணெயில் மிதக்கும்.

போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்குங்கள். சீல்களைக் கடைசியில் போடுங்கள். ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். கீ பள்ளத்தின் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டி, எண்ணெய் தடவி ஏற்றினால் உதடு கிழியாது. பழைய சீல் ஷாஃப்டில் வரித்தடம் போட்டிருந்தால், புதியதை ஒரு நூல் அளவு உள்ளே தள்ளியோ வெளியே விட்டோ நிறுத்துங்கள்; உதடு புதிய இடத்தில் உட்காரும்.

கியர் லீவரின் செட் ஸ்க்ரூவை முழுதாக இறுக்கிவிடாதீர்கள். லீவர் சுதந்திரமாக அசையும் அளவுக்குச் சற்றே பின்வாங்கி, பூட்டு நட்டை இறுக்குங்கள். ரப்பர் உறையைப் புதிதாகப் போட மறக்க வேண்டாம். இத்தனை வேலைக்கும் காரணமாக இருந்ததே அந்தச் சின்ன ரப்பர்தான்.

எண்ணெயும் முதல் ஓட்டமும்

எஸ்ஏஇ 90 கியர் எண்ணெய், ஏறத்தாழ 2 குவார்ட். லிட்டர் கணக்கில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. கொட்டிவிட்டு அளவுக்குச்சியையோ மட்டத் திருகையோ பார்த்துச் சரிசெய்யுங்கள். வடித்த பழைய எண்ணெயை அமெரிக்க வாகன உதிரிபாகக் கடைகள் பலவும் வாங்கிக்கொள்ளும். ஆனால் மண்ணெண்ணெயோ தண்ணீரோ கலந்ததை ஏற்பதில்லை. அதைத் தனி டப்பாவில் ஊற்றி, உங்கள் கவுண்டியின் அபாயக் கழிவு மையத்துக்குக் கொண்டுபோங்கள்.

வண்டியை ஸ்டாண்டில் வைத்தபடியே எஞ்சினை மெதுவாக ஓட்டி எல்லா கியர்களையும் போட்டுப் பாருங்கள். நேர்ப்பல் சக்கரங்கள் 'ஙொய்ங்' என்று பாடும், அது இயல்பு. தாளம் போடும் 'டக் டக்' ஓசை மட்டும் நல்லதல்ல. ஒரு மணி நேரம் நின்ற பிறகு சீல்களைச் சுற்றி விரலால் துடைத்துப் பாருங்கள்.

ஹப்களைத் திரும்ப ஏற்றும்போது ஆக்சிலில், துருவால் இறுகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையைச் சிறிது தடவினால் அடுத்து பிரிக்கப் போகிறவர் உங்களை வாழ்த்துவார். செட் ஸ்க்ரூவை இறுக்கி, பூட்டு நட்டையும் இறுக்குங்கள். முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு அதைத் திரும்பவும் இறுக்குங்கள். கட்டாயம் கொஞ்சம் இடம் கொடுக்கும். விட்டுவிட்டால் ஹப் ஆடி, கீ பள்ளத்தைத் தின்றுவிடும். சில மணி நேரம் உழைத்ததும் அந்த முதல் எண்ணெயை வடித்துவிட்டுப் புதியது ஊற்றுங்கள். கழுவலில் தப்பிய துருவும் பழைய கேஸ்கெட் துணுக்குகளும் அதோடு வெளியேறிவிடும்.